இடுப்பு சரி, தொடை இறுக்கம்: பேண்ட் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் கடைவீதியில் சின்னதாக ஒரு ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். புதிதாகத் தைப்பது குறைவு. ரெடிமேடில் வாங்கி வந்த பேண்ட்டைப் பிடிப்பது, நீளம் வெட்டுவது, முடிந்தால் கொஞ்சம் விட்டுத் தருவது, இதுதான் முக்கால்வாசி வேலை. ஒரே கேள்வியை ஒரு நாளில் நாலு பேர் கேட்கிறார்கள், பதில் சொல்லி முடிப்பதற்குள் மிஷின் நின்றுவிடுகிறது, அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெண்கள் கேட்டவை அதிகம், ஆண்களுடையதும் உண்டு.

அக்கா, பேரிக்காய் உடம்பு, ஆப்பிள் உடம்பு என்கிறார்களே, நான் எது? எனக்கு எந்த பேண்ட் எடுப்பாக இருக்கும்?

இந்தப் பழக்கணக்கை நான் பார்ப்பதே இல்லை. கீழ்ப்பக்கம் கனமாக இருந்தால் பேரிக்காயாம். நம் மலையில் விளைகிற நாட்டுப் பேரிக்காயைப் பார்த்திருந்தால் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள், அது கிட்டத்தட்ட உருண்டை!

நான் கேட்பது ஒன்றுதான்: பேண்ட்டை மேலே ஏற்றும்போது முதலில் எங்கே முட்டுகிறது? சிலருக்குக் கெண்டைக்கால், சிலருக்குத் தொடை, சிலருக்கு சீட் (உட்காருகிற பின்பக்கம்), சிலருக்கு எல்லாம் ஏறிவிட்டு வயிற்றில் பட்டன் மட்டும் போட முடியாது. அந்த முட்டுகிற இடம்தான் உங்கள் அளவு. அங்கே இழுக்காமல் உட்காருகிற பேண்ட்டை வாங்குங்கள், மற்ற இடம் தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை. இருக்கிற துணியைக் குறைத்துத் தரலாம், இல்லாத துணிக்கு நான் எங்கே போவேன்? பெரும்பாலானவர்கள் செய்வது நேர் எதிர். இடுப்பு நம்பர் 30 என்றால் 30தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்து, தொடையில் துணி மூச்சு முட்டிக்கொண்டிருக்க, "இது எனக்கு நன்றாக இல்லை, என் உடம்பு சரியில்லை" என்கிறார்கள். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, நம்பர்தான் தப்பு.

நம்பரை எப்படி நம்புவது? ஒரு கடையில் 30 சரியாக இருக்கிறது, இன்னொரு கடையில் 34 கூட ஏறவில்லை.

நம்பாதீர்கள். டேக்கில் 32 என்று இருக்கும், டேப் வைத்தால் 33, 34 காட்டும், வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று சின்ன நம்பர் போடுகிற வழக்கம் உண்டு. இன்ச் டேப் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு ஐந்து அளவு எடுத்து போனில் குறித்து வையுங்கள்: பேண்ட் உட்காரப்போகிற இடத்தில் இடுப்பு (தொப்புளுக்கு மேலா கீழா என்பது முக்கியம்), சீட்டின் அகலமான இடம், தொடையின் மேல் பகுதி, கெண்டைக்கால், அப்புறம் உள்கால் நீளம். உள்கால் நீளத்தை உடம்பில் எடுக்கச் சிரமப்பட வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாக இருக்கிற பேண்ட்டைத் தரையில் விரித்து, கால் பிரிகிற தையலிலிருந்து அடிமடிப்பு வரை அளந்தால் போதும்.

அதே பேண்ட்டில் கால் பிரிகிற தையலிலிருந்து மேலே பட்டி முடிகிற இடம் வரைக்கும் முன்பக்கம் ஒரு அளவு எடுங்கள். அதுதான் ரைஸ். 8 அங்குலத்துக்குக் கீழே என்றால் லோ, 9, 10 என்றால் நடுத்தரம், 11க்கு மேல் ஹை. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இடுப்பு நம்பரைவிட இதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் இடுப்பை நான் சரிசெய்துவிடுவேன், ரைஸைக் கூட்ட முடியாது.

சீட்டுக்குச் சரியாக வாங்கினால் இடுப்பில் பின்பக்கம் ஒரு கை போகிற அளவுக்கு இடைவெளி. குனிந்தால் மானம் போகிறது. என்ன செய்ய?

என் கடைக்கு அதிகம் வருவது இந்தப் பிரச்சினைதான். பெண்களுக்கான ரெடிமேட் பேண்ட்டுகள் பெரும்பாலும் இடுப்புக்கும் சீட்டுக்கும் சுமார் 10 அங்குல வித்தியாசம் என்ற கணக்கில் வெட்டப்படுகின்றன. இடுப்பு 28, சீட் 40 என்று இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது, பின்பக்கம் பிளந்து நிற்கத்தான் செய்யும். பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் பட்டி சுருண்டு பொதுபொதுவென்று தெரியும், மேலே போடுகிற டாப்பிலும் அது முட்டும்.

சீட்டுக்கும் தொடைக்கும் சரியாக வாங்கிக்கொண்டு வாருங்கள், பட்டியைப் பிரித்து, நடுப்பின் தையலிலும் தேவைப்பட்டால் இரண்டு பக்கமும் சின்ன டார்ட் (துணியை முக்கோணமாக மடித்துப் போடுகிற தையல்) வைத்தும் பிடித்துவிடலாம். 2 அங்குலம் வரை பிடித்தால் தெரியாது. அதற்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்துவிடும், அது அசிங்கம். வாங்கும்போதே பட்டி நேர்க்கோடாக இல்லாமல் லேசாக வளைத்து வெட்டியதா என்று பாருங்கள். கீழே போட்டால் வில் மாதிரி வளைந்து நிற்கும். இந்த உடல்வாகுக்கு அந்த வெட்டுதான் பாந்தம்.

கால் வடிவம் கேட்டால், தொடையிலிருந்து நேராக இறங்குகிற ஸ்ட்ரெய்ட், அல்லது முழங்காலுக்குக் கீழே லேசாக விரிகிற பூட்கட். தொடை கனமாக இருக்கிறவர்கள் கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கிற பேண்ட் போட்டால் மேல்பகுதி இன்னும் அகலமாகத் தெரியும். எனக்கே அந்த உடல்வாகுதான், சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்குக் கால் ஒல்லி, வயிறு மட்டும்தான். லோ வெயிஸ்ட் போட்டால் வயிறு மேலே வழிகிறது, ஹை வெயிஸ்ட் போட்டால் உட்கார முடியவில்லை.

நின்றுகொண்டு போட்டுப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். உட்கார்ந்து பாருங்கள். உட்காரும்போது வயிறு ஒன்றிரண்டு அங்குலம் கூடும், அது எல்லோருக்கும்தான். நடுத்தர ரைஸ், முன்பக்கம் தட்டையாக இருந்து பின்பக்கப் பட்டியில் மட்டும் எலாஸ்டிக் வைத்தது கிடைக்கிறது, அதை வாங்குங்கள். முன்பக்கம் ப்ளீட், அதாவது மடிப்பு வைத்த பேண்ட் வேண்டாம், ப்ளீட் வயிற்றுக்குமேல் வாய் திறந்து நிற்கும். பக்கவாட்டு ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. கால் ஒல்லியாக இருப்பதை மறைக்க வேண்டியதில்லை, அதுதான் உங்கள் பலம், ஒடுக்கமான சிகரெட் பேண்ட் உங்களுக்குத்தான் அழகு.

பின்பக்கம் தட்டை. பேண்ட் தொங்குகிறது.

பாக்கெட்டைப் பாருங்கள். பின் பாக்கெட்டே இல்லாத பேண்ட் தட்டையை இன்னும் தட்டையாக்கும். மூடி வைத்த பாக்கெட், கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தது, நடுத்தர அளவு. எதிர்ப்பக்கம், சீட் பெரிதாக இருக்கிறவர்களுக்குப் பாக்கெட்டும் பெரிதாக இருக்கட்டும். பெரிய இடத்தில் குட்டிப் பாக்கெட்டை, அதுவும் தள்ளித்தள்ளி வைத்தால் இடம் இன்னும் பெரிதாகத் தெரியும். சீட்டுக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கிற இடத்தில் மடிப்பு மடிப்பாகத் துணி சேர்கிறதா? பின் ரைஸ் உங்களுக்கு நீளம் என்று அர்த்தம். பட்டிக்குக் கீழே கொஞ்சம் எடுத்துச் சரிசெய்யலாம், ஆனால் வேலை அதிகம், விலை குறைந்த பேண்ட் என்றால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

குறுக்குக் கோடு விழுகிறது, பாக்கெட் வாய் பிளக்கிறது. சைஸ் சின்னதா?

ஆமாம். துணி பொய் சொல்லாது. கால் பிரிகிற இடத்திலிருந்து பூனை மீசை மாதிரி இரண்டு பக்கமும் கோடு ஓடினால் தொடையிலோ சீட்டிலோ இறுக்கம். முன்பக்கம் நடுவில் பிளந்து காட்டினால் ரைஸ் பற்றவில்லை, அந்த பேண்ட்டை அப்படியே ரேக்கில் வைத்துவிட்டு வாருங்கள், எந்தத் தையல்காரரும் அதைக் காப்பாற்ற முடியாது. பக்கப் பாக்கெட் காது மாதிரி விரிந்து நின்றால் சீட் அளவு பற்றவில்லை. சிலர் பாக்கெட்டையே மூடித் தைத்துக் கொடுங்கள் என்பார்கள். தைத்துத் தருவேன், ஆனால் இழுப்பு எங்கேயும் போகாது, அடுத்த தையலுக்கு மாறும்.

பாக்கெட் மூலையில் இழுப்பு அதிகம் என்பது பழைய சங்கதி. ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தில் செம்புப் பொட்டு அடித்திருப்பார்களே, கிழியாமல் இருக்க அதை அடித்தவர் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர்தான். துணி கொடுத்த லீவை ஸ்ட்ராஸும் அவரும் சேர்ந்து 1873-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள்.

நான் குள்ளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. உயரமாகக் காட்டுகிற பேண்ட் இருக்கிறதா?

உயரத்தைக் கூட்ட முடியாது, கால் நீளமாகத் தெரிய வைக்கலாம். ஹை ரைஸ் போட்டு, மேலே இருப்பதை உள்ளே செருகினால் கால் இடுப்பிலிருந்தே ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். பேண்ட்டும் ஷூவும் ஒரே நிறச் சாயலில் இருந்தால் நல்லது. கணுக்காலுக்கு மேலே நடுக்காலில் வெட்டி நிற்கிற கேப்ரி வகை வேண்டாம். அடியில் மடித்து விடுவதும் வேண்டாம், அது காலைக் குறுக்கே கோடு போட்டு வெட்டிவிடும்.

நீளம் வெட்டும்போது ஒரு விஷயம். முழங்காலில் ஒடுங்கிக் கீழே விரிகிற பேண்ட்டில் 4 அங்குலம் வெட்டினால் விரிகிற பகுதியே போய்விடும், முழங்கால் இருக்க வேண்டிய இடமும் கீழே இறங்கிவிடும். குள்ளமானவர்கள் ஸ்ட்ரெய்ட் வாங்கினால் எவ்வளவு வெட்டினாலும் வடிவம் கெடாது. ஜீன்ஸ் என்றால் பழைய அடிமடிப்பை வெட்டி எடுத்து அதையே திரும்ப வைத்துத் தைக்கச் சொல்லிக் கேளுங்கள், அந்த வெளிறிய ஓரம் அப்படியே இருக்கும்.

இவ்வளவும் டாப் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே வருஷம் பூரா ஸ்வெட்டர்தானே, பேண்ட்டை யார் பார்க்கிறார்கள்?

ரொம்ப நாளாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! பேண்ட் பற்றிச் சமவெளிக்காரர்கள் சொல்கிற அறிவுரை பாதி நமக்குப் பயன்படாது, காரணம் இதுதான். கோயம்புத்தூரில் பேண்ட்டும் சட்டையும் மட்டும்தான் கணக்கு. இங்கே அதற்குமேல் ஸ்வெட்டர், ஜெர்கின், சிலருக்கு ஷால் வேறு. பார்க்கிறவர் கண் முதலில் நிற்பது அந்த மேலாடை முடிகிற ஓரத்தில். அந்த ஓரம் உங்கள் உடம்பின் அகலமான இடத்தில் வந்து முடிந்தால், எவ்வளவு நல்ல பேண்ட் போட்டாலும் அந்த அகலம்தான் தெரியும். சீட் கனமானவர் சரியாக சீட்டின் நடுவில் முடிகிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பேண்ட் நன்றாக இல்லை என்று என்னிடம் வருகிறார். ஸ்வெட்டரைக் கொஞ்சம் மேலே தூக்கி இடுப்பெலும்பில் நிறுத்திக் காட்டுவேன், அப்புறம் நடுத்தொடைக்கு வருகிற என் நீளக் கோட்டைக் கொடுத்துக் கண்ணாடியில் பார்க்கச் சொல்வேன். பேண்ட் அதேதான். இரண்டு முறையும் ஆளே வேறு.

பேண்ட் வாங்கப் போகும்போது நீங்கள் அதிகம் போடுகிற ஸ்வெட்டரையோ ஜெர்கினையோ கையோடு எடுத்துப் போங்கள். மேலே பெரிதாக, பொதியாகப் போடுகிற பழக்கம் என்றால் கீழே ஒடுக்கமான பேண்ட். கீழே பலாசோ மாதிரி அகலம் என்றால் மேலே இடுப்போடு நிற்கிற குட்டை ஸ்வெட்டர். இரண்டும் அகலமாக இருந்தால் நனைந்த கூடாரம் நடந்து வருகிற மாதிரி இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே தெர்மல் போட்டால் எந்த சைஸ்?

தெர்மல் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். நம் ஆட்கள் பேண்ட் வாங்கக் கீழே கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். அது சுமார் 400 மீட்டர் உயரத்தில், வேர்த்து விறுவிறுத்துப் போட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். திரும்பி மேலே ஏறினால் ஊட்டி சுமார் 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படிந்திருக்கும்போது உள்ளே ஒரு தெர்மல் போடாமல் யார் வெளியே போகிறார்கள்? அந்த ஒரு அடுக்கு, தொடைச் சுற்றில் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை தின்றுவிடும். குளிருக்கு ஒரு பேண்ட், மற்ற நாளுக்கு ஒரு பேண்ட் என்று பிரித்து வாங்குவது வசதி. ஒரே பேண்ட்டில் இரண்டையும் ஓட்ட நினைத்தால் ஒன்றில் இறுகும், இன்னொன்றில் வழியும்.

எனக்குத் தொடை ஒல்லி, கெண்டைக்கால் மட்டும் குண்டு. எந்த ஜீன்ஸும் அங்கே மாட்டிக்கொள்கிறது.

மேடும் படியும் ஏறி இறங்கிப் பழகிய கால் அப்படித்தான் இருக்கும், வெட்கப்பட என்ன இருக்கிறது. ஸ்கின்னி வேண்டாம், அது முட்டியில் மடிந்து நிற்கும், குனிந்து குனிந்து கீழே இழுத்துவிட வேண்டும். ஸ்ட்ரெய்ட் வாங்கித் தொடையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் சுற்றளவு 15, 16 அங்குலம் இருந்தால் கெண்டைக்கால் தெரியவே தெரியாது.

ஒரு சோதனை, இது எல்லோருக்கும்: கடையின் ட்ரையல் ரூமில் நின்று பார்த்தால் போதாது. ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வையுங்கள், நம் ஊர்ப் படிக்கட்டு அந்த உயரம் இருக்கும். முட்டியில் இழுத்தாலோ, பின்பக்கப் பட்டி கீழே இறங்கினாலோ அந்த பேண்ட் சமவெளிக்குத்தான் ஆகும்.

மழைக்கு என்ன பேண்ட்? அகலமான பேண்ட்தான் எனக்கு எடுப்பு, ஆனால் சேறு.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அகலக் கால் பேண்ட்டைப் பெட்டியில் வையுங்கள் என்றுதான் சொல்வேன். தரையைத் தொடுகிற துணி ஈரத்தை உறிஞ்சி முழங்கால் வரை ஏற்றும். அகலம்தான் வேண்டும் என்றால் கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள், கனத்த துணி வேண்டாம், பாலியஸ்டர் கலந்த காட்டன் சீக்கிரம் காயும். கனமான ஜீன்ஸ் இங்கே ஜூலையில் காய இரண்டு மூன்று நாள் ஆகும், காய்ந்தாலும் ஒரு வாடை. தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தனிக் கணக்கு: கம்பூட்டுக்குள் அடங்குகிற மாதிரி அடி ஒடுக்கமாக இருக்க வேண்டும், அட்டை ஏறாமல் சாக்ஸுக்குள் செருகவும் வேண்டும், அங்கே எடுப்பாவது ஒன்றாவது.

குளிருக்கு கார்டுராய் எனக்குப் பிடித்த துணி. கோடு மெல்லியதாக, நெருக்கமாக இருப்பதை வாங்குங்கள். தடித்த கோடு போட்டது தொடையை இன்னும் பருமனாகக் காட்டும். கோடு நெடுக்கே ஓடுவதால் காலுக்கு நீளம் கிடைக்கிறது. உட்கார்ந்து எழுந்தே சீட்டிலும் முட்டியிலும் அது வழுக்கையாகிவிடும், அதற்கு மருந்து இல்லை.

ஸ்ட்ரெச் ஜீன்ஸ் வாங்கி மூன்று மாதத்தில் முட்டியில் பை விழுந்துவிட்டது.

காயப் போட்ட இடம் எது? அடுப்புக்கு மேலே, அல்லது ஹீட்டர் முன்னால்? இழுபடுகிற ஜீன்ஸில் எலாஸ்டேன் என்ற நூல் சாதாரணமாக 1, 2 சதவீதம் கலந்திருக்கும். அதுதான் இழுத்தால் திரும்பி வருவது. சூடு பட்டால் அது செத்துவிடும், அப்புறம் இழுத்த இடத்தில் அப்படியே நிற்கும். மழைக்காலத்தில் வேறு வழியில்லை என்பது புரிகிறது, எங்கள் வீட்டிலும் அதே கதைதான், அடுப்பை விட்டுத் தள்ளிக் காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரெச் துணி போடப் போட அரை அங்குலம், ஒரு அங்குலம் தளரும், ஆகவே வாங்கும்போது கொஞ்சம் பிடிப்பாக இருப்பதுதான் சரி. முழுக் காட்டன் என்றால் தண்ணீரில் சுருங்கலாம், ஒரு முறை துவைத்த பிறகு என்னிடம் கொண்டு வாருங்கள். துவைக்காமல் வெட்டி, பிறகு முக்கால் பேண்ட் ஆகிப்போனதற்கு என்னைத் திட்டியவர்கள் உண்டு.

கறுப்பு போட்டால் ஒல்லியாகத் தெரியுமா?

இறுக்கமான கறுப்பு போட்டால் இறுக்கமாகத்தான் தெரியும். பளபளக்காத கறுப்பு, சரியான அளவு, அப்போது தெரியும்.

ஆண்களுக்கு ஒன்றும் இல்லையா? எனக்குத் தொப்பை, பேண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது.

தொப்பைக்குக் கீழே கட்டுகிறீர்கள், அதுதான் நிற்கவில்லை. கீழே இருப்பது சரிவு, சரிவில் எது நிற்கும்? ஒரு சைஸ் கூட்டி, ரைஸ் நீளமானதாக வாங்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் கட்டிப் பாருங்கள். முதல் நாள் தாத்தா மாதிரி இருக்கிறது என்பீர்கள், ஸ்வெட்டருக்குள் யாருக்கும் தெரியாது, பேண்ட்டும் முன்பக்கம் நேராக விழும். தொப்பை இருக்கிற ஆண்களுக்கு ப்ளீட் ஒத்துவரும், உட்காரும்போது துணி கொடுக்கும். பெண்களுக்கு வேண்டாம் என்று மேலே சொன்னேனே என்று கேட்காதீர்கள், ஆண்கள் பேண்ட்டில் தொடைக்கு இடம் விட்டு வெட்டுவார்கள், ப்ளீட் மூடி நிற்கும். ஆண்கள் பார்மல் பேண்ட்டில் பின் நடுத்தையலில் ஒன்று, ஒன்றரை அங்குலம் மார்ஜின் விட்டிருப்பார்கள், அதைப் பிரித்து விடலாம். ஜீன்ஸில் அது கிடையாது.

சிசேரியன் ஆகி நாலு மாதம். பட்டி தையலின்மேல் உரசுகிறது.

லோவும் வேண்டாம், நடுத்தரமும் வேண்டாம். தழும்புக்கு நன்றாக மேலே போய் உட்காருகிற, அகலமான மெத்தென்ற எலாஸ்டிக் பட்டி வைத்தது. வலி, சிவப்பு இருந்தால் டாக்டரைப் பாருங்கள், பேண்ட்டால் ஆகிற காரியமில்லை. இப்போதைக்கு ஒன்றோ இரண்டோ போதும், உடம்பு இன்னும் மாறும், நிறைய வாங்கிக் குவிக்காதீர்கள்.

ட்ரையல் ரூம் இல்லாத கடையில், ரோட்டோரத்தில் வாங்கும்போது?

பட்டன் போட்ட பட்டியைக் கழுத்தைச் சுற்றி வைத்துப் பார்ப்பார்களே, இரண்டு ஓரமும் பின்கழுத்தில் தொட்டால் இடுப்பு சரி என்று. குத்துமதிப்பாக ஆண்களுக்கு உதவும். இடுப்பும் சீட்டும் ரொம்ப வித்தியாசப்படுகிற பெண்களுக்கு அது ஏமாற்றும். பையில் டேப் இருந்தால் பேண்ட்டின் தொடையை அளந்துவிடுங்கள், மடித்துப் பிடித்து இரட்டிப்பாக்கினால் சுற்றளவு. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. குளிருக்குப் பேண்ட் போடச் சொன்னால் "வடிவம் தெரியும், மாட்டேன்" என்கிறார்.

இப்படி நிறைய அம்மாக்களை மகள்கள் கையைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். புடவைதான் வடிவம் காட்டும் என்று வாதாட வேண்டாம், ஜெயிக்க மாட்டீர்கள். லெக்கிங்ஸில் ஆரம்பிக்காதீர்கள், அவர் பயப்படுவதே அதற்குத்தான். கம்பளி கலந்த கனமான துணியில் நேர்க்கால் பேண்ட், இடுப்பில் முழு எலாஸ்டிக்கோடு உள்ளே நாடாவும், மேலே முழங்கால் வரை குர்த்தா. குர்த்தாவின் பக்கவெட்டு இடுப்பில் ஆரம்பித்தால் நடக்கும்போது தொடை தெரிந்துகொண்டே இருக்கும், அதை நாலு அங்குலம் கீழே வரை மூடித் தைத்துவிட்டால் அம்மாக்களுக்குப் பாதிக் கூச்சம் போய்விடும். அடி கணுக்காலில் நிற்கட்டும், படியில் தடுக்கக் கூடாது.

போன குளிரில் ஒரு அம்மா இப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிப் போனார். பத்து நாள் கழித்துத் தனியாகவே வந்தார். பேண்ட்டைத் திருப்பித் தரத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பாக்கெட்டை இன்னும் இரண்டு அங்குலம் ஆழமாக்க வேண்டுமாம், கண்ணாடிக் கூடு உள்ளே நிற்கவில்லையாம்.